பி.ஓ.இ. கன்வர்ட்டர்: கீழே வைப்பதா, மேலே வைப்பதா?

கம்பத்தில் ஏற்றிய இரண்டு வயர்லெஸ் ரேடியோக்களுக்கு நான்கு ஆண்டுகளாக ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுத்துவருகிறேன். இதைத்தான் பி.ஓ.இ. (பவர் ஓவர் ஈதர்நெட்) என்கிறார்கள். ரேடியோக்கள் 24 வோல்ட் கேட்பவை. கீழே இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் கொடுப்பதோ 802.3ஏஎஃப் என்ற பி.ஓ.இ. தரத்தின் 48 வோல்ட். இந்த இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்துவைப்பதுதான் கன்வர்ட்டர்.

தொடக்கத்தில் அது என்னிடம் இல்லை. கேபிளுக்குள் மின்சாரத்தைச் செலுத்தும் சிறு பெட்டியான 24 வோல்ட் இன்ஜெக்டரைக் கீழே செருகி, 60 மீட்டர் கேபிள் இழுத்தேன். பகலில் ஒழுங்காக ஓடும். இரவில் பயன்பாடு கூடியதும் ரேடியோ தானாக அணைந்து எழும். மென்பொருளைச் சந்தேகித்து ஒரு வாரத்தை வீணாக்கினேன். கடைசியில் ஏணியில் ஏறி, ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் வைத்துப் பார்த்தால், 20 வோல்ட்டைச் சுற்றி ஊசலாடுகிறது. கேபிள் நுனியை பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளை! செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைத்தான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அசல் செம்புக் கேபிளை இழுத்து, கன்வர்ட்டரை ரேடியோவின் அருகிலேயே பொருத்தினேன். அதே வாட் மின்சாரம் இரட்டை வோல்ட்டில் போனால் ஆம்பியர் பாதியாகும், கேபிளில் வீணாவது கால்பங்காகும். பலர் கன்வர்ட்டரை ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் நெடுந்தூரம் ஓடுவது பழையபடி 24 வோல்ட்தான். வாங்கியதன் பாதிப் பலன் அங்கேயே போயிற்று.

ஏஎஃப் தரத்தில் ஸ்விட்ச் தருவது 15.4 வாட், மறுமுனைக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95. கன்வர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். என் ரேடியோவுக்கு 8 வாட் போதும் என்பதால் இடிக்கவில்லை.

முதல் கன்வர்ட்டர் இரண்டாம் கோடையில் செத்தது. மழைக்குப் பயந்து காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, வெயிலில் தொங்கவிட்டது என் தவறு. திறந்தபோது கபாசிட்டரின் தலை உப்பியிருந்தது. இப்போதையது நிழலில், அடியில் துளையிட்ட டப்பாவில் இருக்கிறது. கேபிளையும் ஒரு வளைவு தொங்கவிட்டே உள்ளே நுழைத்திருக்கிறேன். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கன்வர்ட்டர் வாங்கும்போது அது கடத்தும் டேட்டா வேகத்தைக் கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் வாங்கிய ஒன்று, கிகாபிட் (1000 மெகாபிட்) ரேடியோவை 100 மெகாபிட்டிலேயே நிறுத்திவைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த வசதி, தொலைவிலிருந்தே ரேடியோவுக்கு மறுஉயிர் கொடுப்பது. அது உறைந்துபோனால் ஸ்விட்ச்சில் அந்த போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுக்கிறேன், ஏணி தேவையில்லை. ஸ்விட்ச்சுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு: எதிர்முனையில் 25 கிலோஓம் அளவிலான அடையாள மின்தடை இருக்கிறதா என்று சோதித்த பிறகே மின்சாரம் விடும். பழைய இன்ஜெக்டர் எதையும் விசாரிக்காது. அதை மறதியாக ஒரு ரவுட்டரில் செருகிய நாளில் அந்த போர்ட் கருகியது. அன்றிலிருந்து இன்ஜெக்டரின் மீது சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.