பத்துச் சக்கர லோரியோடு ஏழு வருடம்

2018 நடுவில் ஜப்பானில் ஓடி, சரிசெய்து விற்பனைக்கு வந்த ஒரு ரீகண்டிஷன் லோரியை வாங்கினேன். மூன்று அச்சு, பத்துச் சக்கரம், பின்னால் கன்வாஸ் போட்டுக் கட்டும் கார்கோ பாடி. நான் இருப்பது மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை என்ற ஊரில். வாரத்தில் இரண்டு மூன்று தடவை கிள்ளான் துறைமுகம், சரக்கு கிடைத்தால் ஜொகூர் பாரு வரை. வாங்கியபோது மீட்டர் காட்டியதை யாரும் நம்ப வேண்டாம், நானும் நம்பவில்லை. நான் ஓட்டியது மட்டும் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. நடுவில் 2020ல் பல மாதம் வண்டி வீட்டுப் பக்கம் சும்மா நின்றதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

சொந்தமாக லோரி எடுக்கலாமா என்று கேட்டுச் சில தம்பிமார்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதல் வருடம் நான் பணத்தைத் தப்பான வரிசையில் செலவு செய்தேன். வண்டி வாங்கிய உடனே பிறை ஜாலான் பாரு முனீஸ்வரர் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கி, அங்கிருந்து நேராகப் போய் முன்னால் எல்.இ.டி விளக்கு வரிசை, பெரிய காற்று ஹாரன், பளபளவென்று சக்கர மூடி எல்லாம் மாட்டினேன். பிரேக் லைனிங்கை, அதாவது சக்கரத்தின் உள்ளே டிரம்மை உரசிப் பிடிக்கும் தகட்டை, யாரிடமும் திறந்து காட்டவில்லை. வாங்கும்போது "நல்லா பிடிக்குது" என்று சொன்னார்கள், காலி வண்டியில் ஓட்டிப் பார்த்தேன், பிடித்தது. காலி வண்டி எப்படியும் பிடிக்கும்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு மெனோரா சுரங்கப் பாதையைத் தாண்டி ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்குக்கு இறங்கும் இடம் தெரியும். தெற்கே போகும்போது நீண்ட இறக்கம். பாரம் ஏற்றிய லோரிகள் பிரேக் பிடிக்காமல் போன இடம் அது. வாங்கிய ஐந்தாவது மாதம், பிளாஸ்டிக் குருணை மூட்டை முழுப் பாரம், ஐந்தாவது கியரிலேயே இறங்க ஆரம்பித்தேன், வேகம் ஏற ஏற பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி இறக்கத்தில் ரப்பர் கருகுவது போல ஒரு வாடை. கண்ணாடியில் பார்த்தால் பின் சக்கரத்திலிருந்து வெள்ளைப் புகை. பெடல் இருக்கிறது, காற்று இருக்கிறது, ஆனால் வண்டி பிடிக்கவில்லை. டிரம் சூடேறி விரிந்து, லைனிங்கும் கொதித்துப் போனால் அப்படித்தான் ஆகும், எவ்வளவு மிதித்தாலும் பலன் இல்லை. கியரைக் குறைக்க முயன்று எப்படியோ நான்கு பிடித்தது, இறக்கமும் அங்கே கொஞ்சம் தணிந்தது, ஓரத்தில் கொண்டு போய் நிறுத்தினேன். ஒரு மணி நேரம் இறங்கவே முடியவில்லை, கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு பட்டறையில் திறந்தபோதுதான் தெரிந்தது, பின்னால் இரண்டு சக்கரத்தில் லைனிங் ரிவெட் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. புகை வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்சாஸ்ட் பிரேக்கின் வால்வு மடல் கரி பிடித்து, திறந்த நிலையிலேயே ஒட்டிக் கிடந்தது. சுவிட்சைப் போட்டால் விளக்கு மட்டும் எரியும், வேலை நடக்காது. நான் ஐந்து மாதமாக விளக்கைப் பார்த்து நம்பியிருந்தேன்.

அன்றிலிருந்து வண்டியில் எந்தப் பணமும் முதலில் பிரேக்குக்குத்தான். லைனிங் ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றுவதில்லை, அந்த அச்சின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்றுகிறேன், இல்லையென்றால் மிதித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நானே அடியில் படுத்துப் பார்க்கிறேன். எக்சாஸ்ட் பிரேக் மடலை வருடம் ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்கிறோம். இறக்கத்தில் நான் நடப்பது ஒரு பழைய டிரைவர் அண்ணன் சொன்ன வழி: "தம்பி, எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு." மெனோராவில் இப்போது நாற்பதுக்கு மேல் போவதில்லை. பின்னால் யார் விளக்கடித்தாலும் சரி.

காற்று பிரேக் வைத்திருப்பவர்கள் செய்யாமல் விடும் இன்னொன்று காற்றுத் தொட்டியைக் காலி செய்வது. நம் நாட்டு ஈரக் காற்றை கம்பிரசர் அழுத்தும்போது தண்ணீர் தொட்டி அடியில் சேர்ந்துவிடும். தினமும் காலை வண்டியை எடுக்கும் முன் கீழே உள்ள வளையத்தை இழுத்து விடுவேன், இரண்டு நிமிட வேலை. வருவது வெறும் தண்ணீர் என்றால் பரவாயில்லை. எண்ணெய் கலந்து பால் மாதிரி வந்தால் கம்பிரசர் ரிங் போகிறது என்று அர்த்தம். என் வண்டியில் நான்காவது வருடம் அப்படி வந்தது. அப்போதே கம்பிரசரை மாற்றிவிட்டதால் வழியில் நிற்காமல் தப்பித்தேன். ஏர் டிரையரின் கேட்ரிட்ஜையும் வருடம் ஒன்று மாற்றுகிறேன்.

அடுத்து டயர். முன் இரண்டுக்கும் எப்போதும் புதியது, பின்னால் எட்டுக்கு செலுப் டயரும் (பழைய டயர் கூட்டில் புது ரப்பர் ஒட்டியது) போடுவேன். புதியது ஒன்று ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல், செலுப் அதில் பாதிக்கும் குறைவு, எட்டு டயருக்குக் கணக்குப் போட்டால் பெரிய வித்தியாசம். நல்ல கூட்டில் செய்த செலுப் என்னிடம் குறை வைக்கவில்லை. குறை வந்தது காற்றில். இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் கண்ணுக்குத் தெரியாது, காற்று குறைந்தால் பக்கத்து டயர் தாங்கிக்கொள்ளும், பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். ஸ்லிம் ரிவர் பக்கம் மதியம் இரண்டு மணி வெயிலில் உள் டயர் ஒன்று வெடித்து, கிழிந்த ரப்பர் மட்கார்டையும் ஒரு காற்றுக் குழாயையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. டயரின் விலையை விட, நெடுஞ்சாலையில் குழாய் மாற்ற வந்தவருக்குக் கொடுத்ததும் அன்று தாமதத்துக்குப் பிடித்துக்கொண்ட சரக்கு வாடகையும் அதிகம்.

இப்போது உள் டயர் வால்வுக்கு நீட்டுக் குழாய் மாட்டி, வெளியிலிருந்தே அளக்கிறேன். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது மட்டும் அளக்க வேண்டும், ஓடிய பிறகு அளந்தால் சூட்டில் கூடுதலாகக் காட்டும். சூடான டயரில் காற்றை இறக்கினால் மறுநாள் காலை அது குறைவான டயர். அளக்க நேரம் இல்லாத இடத்தில் ஒரு மரச் சுத்தியலால் பத்து டயரையும் தட்டிக்கொண்டே சுற்றி வருவேன், காற்று குறைந்தது மட்டும் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். காது பழக ஒரு மாதம் ஆகும்.

சக்கர நட்டைப் பற்றி ஒன்று. பழைய ஜப்பான் வண்டிகளில் எட்டு ஸ்டட் வரும் பழைய முறைச் சக்கரம்தான். இரட்டை டயருக்கு உள் நட், வெளி நட் என்று இரண்டு இருக்கும், இடது பக்கச் சக்கரத்தில் மரை எதிர்த் திசையில் சுற்றும். டயர் மாற்றிய பிறகு வெளி நட்டை மட்டும் இறுக்கிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். வெளி நட்டைத் தளர்த்தி, உள் நட்டை இறுக்கி, மறுபடி வெளி நட்டை இறுக்க வேண்டும், ஒன்று விட்டு ஒன்றாக. டயர் மாற்றிய அன்று தாப்பா வரை போனதும் நிறுத்தி, நானே நீளக் குழாய் ஸ்பானரில் ஒரு சுற்று பார்த்துவிடுவேன். கழன்று ஓடும் சக்கரம் எதிரில் வரும் குடும்பத்தின் மேல்தான் போய் விழும், அதனால் இதில் எனக்குச் சோம்பல் வருவதே இல்லை.

மின்சாரம். லோரி 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடர்ச்சியாக. டேஷ்கேமும் ரேடியோவும் மாட்டிய கடையில் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒன்று எப்போதும் குறைந்தே இருக்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும், ஏழு மாதத்தில் இரண்டுமே போயிற்று. 24 இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி, தனி ஃபியூஸ் வைத்து மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

தூக்கத்துக்குச் செலவு செய்வதை நான் ஆடம்பரம் என்று முதல் இரண்டு வருடம் நினைத்தேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை, மேலே மெல்லிய மெத்தை, ஒரு 24 வோல்ட் ஃபேன், அவ்வளவுதான். இரவில் புழுக்கம் தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டு ஏர்கான் போடுவேன், டீசல் கரையும், சத்தத்தில் தூக்கமும் வராது. மூன்றாவது வருடம் பேட்டரியில் ஓடும் பார்க்கிங் ஏர்கான் மாட்டினேன், தனி பேட்டரியோடு மூவாயிரம் வெள்ளிக்கு மேல் ஆனது. இந்த லோரியில் நான் செய்த மிக நல்ல செலவு இது, பிரேக்குக்கு அடுத்தபடியாக. வோல்ட் குறைந்தால் தானாக நின்றுவிடும் கட்டுப்பாடு உள்ளதைத்தான் வாங்க வேண்டும், இல்லையென்றால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. என் மனைவி தைத்துக் கொடுத்த கொசுவலைத் திரையும் கறுப்புத் துணியும் இன்னும் ஜன்னலில் இருக்கின்றன.

ஆனால் படுக்க இடம் வேண்டுமே. நள்ளிரவுக்கு ஆர் அண்ட் ஆர் எனும் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் லோரி நிறுத்த இடம் கிடைக்காது, நுழையும் சாலை வரை நிற்கும். அதனால் இரவு பத்துக்குள் தாப்பாவில் இறங்கிவிடப் பார்க்கிறேன், விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து ஓட்டுகிறேன். அவசர ஓரத்தில் நிறுத்தித் தூங்கும் நண்பர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அடுத்த வெளியேறும் வழி வரை போங்கள். கோலாலம்பூர் பக்கம் காலை மாலை உச்ச நேரத்தில் கனரக வண்டிக்குத் தடை இருக்கிறது, அதையும் கணக்கில் வைத்துத்தான் கிளம்பும் நேரத்தை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

டீசல் விஷயம் 2024 ஜூன் 10க்குப் பிறகு மாறிப்போனது. அன்று தீபகற்பத்தில் லிட்டர் 2.15இலிருந்து 3.35 வெள்ளி ஆயிற்று. சரக்கு லோரிகளுக்கு மானிய டீசலுக்கான ஃப்ளீட் கார்டில் 2.15க்கே கொடுத்தார்கள், ஆனால் பதிவு சரியாக இருக்க வேண்டும், ரோட் டேக்ஸும் பெர்மிட்டும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். என் கார்டு வந்து சேர்வதற்குள் மூன்று வாரம் முழு விலையில் ஊற்றினேன். ஒரு பக்க நடைக்கு எனக்கு 110இலிருந்து 120 லிட்டர் பிடிக்கும், ஒரு லிட்டருக்கு 1.20 கூடினால் அந்த மூன்று வாரமும் வாடகையில் எனக்கு ஒன்றும் நிற்கவில்லை. இப்போது எல்லாத் தாளின் தேதியையும் ஒரே காலண்டரில் எழுதிச் சமையலறையில் மாட்டியிருக்கிறோம், கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

நம் டீசலில் பாமாயில் பயோடீசல் கலந்திருக்கிறது, அது தண்ணீரை இழுக்கும். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியின் அடித் திருகை வாரம் ஒரு தடவை திறந்து விடுகிறேன், ஃபில்டரை எஞ்சின் எண்ணெயோடு சேர்த்து 15,000 கிலோமீட்டரில் மாற்றுகிறேன். இரவில் நிறுத்தும்போது டேங்க் நிறைந்திருப்பது நல்லது, காலி இடத்தில் ஈரம் வியர்க்கும். நிறைந்த டேங்க்கிலிருந்து டீசல் திருடவும் ஆள் இருக்கிறார்கள் என்பதால் மூடிக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் பூட்டு அவசியம்.

புஸ்பாகோம் வண்டிப் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. பத்து நாள் முன்பே பட்டறைக்குக் கொண்டு போய்விடுகிறேன். பட்டறை தவுக்கே (முதலாளி), வயதான சீனர், வண்டியைக் குழி மேல் நிறுத்தி முன் சக்கரத்தைக் கம்பியால் நெம்பிப் பார்ப்பார், கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் ஆணி) ஆடினால் அங்கேயே தெரிந்துவிடும். புஸ்பாகோமில் பிரேக் பார்க்கும் ரோலரில் ஏற்றும்போது இடது வலது பிரேக் சமமாக இல்லாவிட்டால் தேறாது, திரும்பப் போக இன்னொரு நாள் வாடகை போகும். கிரீஸ் துப்பாக்கியை நான் சொந்தமாக வைத்திருக்கிறேன். ஸ்ப்ரிங் பின், கிங் பின், பிரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டு எல்லாவற்றுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு. மழைக்காலத்தில் வாரம் ஒன்று.

கன்வாஸ், ராட்செட் பெல்ட் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தடித்த பிவிசி துணி வாங்குங்கள், மூட்டை முனையில் பெல்ட் உரசும் இடத்துக்குப் பழைய டயர் துண்டு வையுங்கள், முப்பது கிலோமீட்டர் ஓடியதும் இறங்கி மறுபடி இறுக்குங்கள். பாரத்தோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையான பிடிஎம் அளவைத் தாண்ட வேண்டாம். யாராவது "கொஞ்சம்தானே அண்ணே" என்று ஏற்றச் சொன்னால் எனக்கு மெனோரா ஞாபகம் வரும், முடியாது என்று சொல்லிவிடுகிறேன். அதனால் ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார், பரவாயில்லை.

பணத்துக்கு நான் வைத்திருக்கும் வழி, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 30 காசு தனிக் கணக்கில் போட்டுவிடுவது. போய் வர 740 கிலோமீட்டர் என்றால் 222 வெள்ளி, வாடகை வந்த அன்றே. வீட்டுச் செலவுக்கு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அதைத் தொடுவதில்லை. 2022ல் கிளட்ச் முழுதாகப் போனபோது கடன் வாங்காமல் மாற்ற முடிந்தது அதனால்தான். அதற்கு முன்னால் ஒரு தடவை டர்போவுக்குக் கடன் வாங்கி எட்டு மாதம் கட்டினேன், அந்த எட்டு மாதமும் எந்த வாடகை வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் தூக்கம் கெட்டு ஓட்டினேன்.

முதல் வருடம் மாட்டிய எல்.இ.டி வரிசைக்கு ஒரு சம்மன் வந்தது, கழற்றிவிட்டேன். ஹாரன் இருக்கிறது, அழுத்துவதில்லை. பின்னால் கேமரா மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தொழிற்சாலை ரேம்பில் பின்பக்கமாக நுழையும்போது தனி ஆளாக ஓட்டுகிறவனுக்கு அது இன்னொரு கண்.

இப்போது மூன்றாவது கியரில் ஒரு மெல்லிய முனகல் கேட்கிறது, பாரம் இருக்கும்போது மட்டும். தவுக்கே எண்ணெயை இறக்கிப் பார்த்தார், இரும்புத் தூள் கொஞ்சம் இருந்தது. தீபாவளிக்கு முந்திய வாரம் சரக்கு குறையும், அப்போது கியர் பெட்டியை இறக்குவதாக முடிவு. அது வரை ஜொகூர் வாடகை எடுக்கவில்லை, கிள்ளான் மட்டும்தான்.