பைபோலார் மனச்சோர்வு: காந்தத் தூண்டலா, ஷாக் சிகிச்சையா?

லித்தியம், குவெட்டியாபின், லாமோட்ரிஜின் என்று மருந்துகளைப் போதிய அளவில், போதிய வாரங்கள் கொடுத்தும், மேனியா எனும் அதீத உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் பைபோலார் நோயின் சோர்வுக் கட்டம் விலகவில்லையா? அப்போது பேச்சுக்கு வருபவை டிஎம்எஸ் எனும் காந்தத் தூண்டலும், தலையில் மின்சாரம் செலுத்தி வலிப்பை வரவழைக்கும், ஷாக் என்று பலரும் அஞ்சும் இசிடியும். நோயாளியால் எத்தனை வாரம் காத்திருக்க முடியும் என்பதுதான் முதல் கேள்வி.

சோறு தண்ணீரை மறுப்பவர், பேச்சும் அசைவும் இன்றி உறைந்தவர், தற்கொலை எண்ணம் தீவிரமாக உள்ளவர்: இவர்களுக்கு இசிடிதான். இங்கே தயங்கி நாள் கடத்துவது ஆபத்து. வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, மொத்தம் 6 முதல் 12. மயக்க மருந்தும் தசைத் தளர்ப்பு மருந்தும் இல்லாமல் செய்ய இந்தியாவின் 2017 மனநலச் சட்டம் தடை விதித்திருக்கிறது. வால்புரோயேட், லோராசெபாம் போன்ற மருந்துகள் வலிப்பை அடக்கும். வலிப்பு சரியாக வராவிட்டால் பலனும் வராது. லித்தியம் ரத்தத்தில் கூடுதலாக இருந்தால் எழுந்தபின் குழப்பம் நீளலாம். அதனால் மருந்துச் சீட்டை முன்கூட்டியே டாக்டர் திருத்த வேண்டும். பெரிய இழப்பு நினைவில்தான்: சிகிச்சைக்கால நாட்கள் மங்கும், சிலருக்கு முந்தைய மாதங்களின் நினைவும் திரும்பாது. வலப்பக்கம் மட்டும் மின்சாரம் செலுத்தினால் இது குறையும்.

வேலைக்கும் போய்க்கொண்டு சோர்விலிருந்து மீளாதவருக்கு டிஎம்எஸ் பொருந்தும். மயக்கம் தேவையில்லை, நினைவும் பாதிக்கப்படாது. கட்டைவிரல் 10 முறைக்கு 5 முறை துடிக்கும் குறைந்தபட்ச விசையை முதலில் கண்டுபிடித்து, அதன் 120 சதவீதத்தில் இடது முன்மூளை மேல் காயிலை (காந்தத் துடிப்பு தரும் கம்பிச் சுருளை) வைப்பார்கள். வழக்கமான 10 ஹெர்ட்ஸ் முறையில் 4 விநாடி துடிப்பு, 26 விநாடி ஓய்வு; 37.5 நிமிடத்தில் 3,000 துடிப்புகள். வாரம் 5 நாள், 4 முதல் 6 வாரம். காயில் இடம் நழுவினால் பலன் குறையலாம். காதடைப்பான் கட்டாயம். தலைக்குள் அனியூரிஸம் கிளிப்போ (ரத்தக்குழாய் வீக்கத்துக்குப் போடும் உலோகப் பிடி), கேட்க உதவும் காக்ளியர் கருவியோ இருந்தால் கூடாது. வலிப்பு வருவது மிக அரிது. ஆனால் மனச்சோர்வு மருந்தான புப்ரோபியான், மது, தூக்கமின்மை அந்த அபாயத்தைக் கூட்டும்.

'3 நிமிடத்தில் முடியும்' என்று சொல்லப்படும் தீட்டா பர்ஸ்ட் எனும் வேகமான டிஎம்எஸ் முறைக்குச் சாதாரண (மேனியா வராத) மனச்சோர்வில் நல்ல சான்று உண்டு. பைபோலாரில் 2021இல் வெளியான 37 பேர் ஆய்வில் போலிச் சிகிச்சையைவிட மேலாக எதுவும் தெரியவில்லை; ஆய்வே இடையில் நிறுத்தப்பட்டது. சிறிய ஆய்வுதான் என்றாலும், நேரம் மிச்சம் என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008இல் முதன்முதலாக டிஎம்எஸ்ஸை அனுமதித்ததும் சாதாரண மனச்சோர்வுக்குத்தான், பைபோலாருக்கு அல்ல.

மேனியா கட்டத்தில் ஒப்பீடே இல்லை: இசிடி உதவும், டிஎம்எஸ்ஸை நம்ப முடியாது. சிகிச்சைக்கு நடுவே நோயாளி 3 மணி நேரம் தூங்கியே தெம்பாக எழுந்தால், பேச்சும் செலவும் கூடினால், அடுத்த அமர்வுக்குமுன் டாக்டருக்குச் சொல்லுங்கள். மேனியாவுக்கு மாறும் அறிகுறி அது. எதைத் தேர்ந்தாலும் லித்தியம் போன்ற மனநிலை நிலைப்படுத்திகள் தொடர வேண்டும். குணமானதும் அவற்றை விட்டுவிடுவோரில் பலர் சில மாதங்களில் மறுபடி விழுகிறார்கள்.