மொஹாவி பாலைவனத்தில் சின்னக் கல்யாணம்: எந்த இடம், எந்த நேரம், எந்தப் புடவை

தெற்குக் கலிபோர்னியாவில் இருந்துகொண்டு கல்யாணப் படம் எடுக்கிறேன். பெரும்பாலும் சின்னக் கல்யாணங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் வருவார்கள்; மிஞ்சினால் அப்பா அம்மா, ஒன்றிரண்டு நண்பர்கள். அப்புறம் நிச்சயதார்த்தப் படங்கள். பல வருடமாக இதே பாலைவனத்தின் இதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்வந்ததில், எந்த இடம் யாருக்குப் பொருந்தும் என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. இங்கே இருக்கிற நம்மவர்கள் இப்போது இதைப் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் நாலு இடம் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். ஒரு இடம் போதும். அங்கே ஒரு முழு மாலையோ ஒரு முழு விடியலோ இருங்கள். பாலைவனத்தில் படத்தைத் தீர்மானிப்பது வெளிச்சம்தான், அந்த நல்ல வெளிச்சம் ஒரு மணி நேரம்கூட நிற்காது. அந்த நேரத்தைக் காரில் உட்கார்ந்து கழித்த ஜோடிகளை நிறையப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் மனசு கேட்காது.

இடத்துக்குப் போகும் முன் கல்யாண லைசன்ஸ் விஷயம். லாஸ் வேகஸில் இருக்கிற கிளார்க் கவுண்டி அலுவலகம் தினமும் காலை 8 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும், விடுமுறை நாளிலும்கூட. 102 டாலர் கட்டி, அடையாள அட்டையைக் காட்டினால் கையோடு லைசன்ஸ் கிடைத்துவிடும். காத்திருக்கும் காலம் எதுவும் இல்லை. அதனால் எல்லோரும் அங்கே போகிறார்கள். ஆனால் அந்த லைசன்ஸ் நெவாடா எல்லைக்குள் நடக்கும் கல்யாணத்துக்கு மட்டுமே செல்லும். டெத் வேலி தேசியப் பூங்கா வேகஸிலிருந்து இரண்டு மணி நேரம்தான் என்றாலும் அதன் பெரும்பகுதி கலிபோர்னியாவில் இருக்கிறது. மணல்மேடு, உப்புத் தரை, படத்தில் எல்லோரும் பார்த்து ஆசைப்படுகிற அத்தனையும் கலிபோர்னியா பக்கம். ஒரு ஏற்பாட்டாளர் பேச்சை நம்பி நெவாடா லைசன்ஸோடு மணல்மேட்டுக்கு வந்த ஜோடிக்கு, அன்றைக்குப் படம் மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, சட்டப்படியான கல்யாணத்தை மறுநாள் வேகஸில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதாயிற்று. கலிபோர்னியா லைசன்ஸ் 90 நாள் செல்லும், மாநிலத்தில் எந்தக் கவுண்டியில் வாங்கினாலும் எங்கே வேண்டுமானாலும் மணம் முடிக்கலாம். சாதாரண லைசன்ஸுக்கு ஒரு சாட்சியாவது வேண்டும். நெவாடாவிலும் மணம் நடத்தி வைப்பவர் தவிர ஒரு சாட்சி வேண்டும். அரிசோனா என்றால் இரண்டு பேர். நான் படமும் எடுத்து சாட்சிக் கையெழுத்தும் போட்ட கல்யாணங்கள் உண்டு.

இனி இடங்கள். பெற்றோர் கூட வருகிறார்கள் என்றால் நான் யோசிக்காமல் சொல்வது ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து இரண்டரை மணி நேரம். சமதளமான நடை, பார்க்கிங்குக்குப் பக்கத்திலேயே பாறைகள், கழிப்பறை. வயதானவர்கள் இருக்கும் குழுவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று போனால் தெரியும். கேப் ராக் பக்கம் சக்கர நாற்காலி போகும்படியான சின்னச் சுற்றுப்பாதை இருக்கிறது. ஒரு பாட்டியைப் பேரனின் கல்யாணத்துக்கு அப்படித்தான் அழைத்துப் போனோம். இங்கே இருவர் மட்டும் நின்று தாலி கட்டினாலும் பெர்மிட் வேண்டும். விண்ணப்பக் கட்டணம் நான் கடைசியாகக் கட்டியபோது 120 டாலர். சடங்கு எங்கே நடத்தலாம் என்று பூங்காவே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் கணக்கும் உண்டு. ஹிட்டன் வேலி அழகுதான், ஆனால் சனி, ஞாயிறில் பாறை ஏறுகிறவர்கள் கூட்டம் தாங்காது. இண்டியன் கோவ் தனி வாசல் வழியாகப் போவது, கொஞ்சம் தாழ்வான இடம், அதனால் குளிர்காலத்தில் இதமாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அந்திச் சூரியன் பட்டதும் கிரானைட் பாறைகள் தேன் நிறத்துக்கு மாறும், பட்டுச்சேலை அந்த நிறத்தோடு ஒத்துப்போகும்.

அதே பூங்காவில் இருக்கும் சோயா (Cholla) கள்ளித் தோட்டத்துக்கும் பலர் ஆசைப்படுவார்கள். பின்வெளிச்சத்தில் அந்த முள் பொன்னாக ஜொலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று துணியில் ஒட்டிக்கொள்ளும். கையால் எடுக்கப் போனால் விரலில் ஏறும். சீப்பை அதற்கும் துணிக்கும் நடுவே விட்டு ஒரே வீச்சில் தெறிக்க விட வேண்டும். மிச்சம் நிற்கும் முள்ளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பட்டாக இருந்தால் இழை இழுத்துக்கொண்டு வந்துவிடும். அங்கே போவதென்றால் குட்டையான பருத்தி உடையில் போங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள்.

அட்சதை தூவ முடியாது என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரிசி, பூவிதழ், காகிதத்துண்டு எதையும் பூங்காவுக்குள் இறைக்கக் கூடாது. தலையில் தொட்டு ஆசீர்வதித்தால் போதும் என்றால் பெரியவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். மாலை போட்டுக்கொள்ளுங்கள், உதிர்ந்த இதழைப் பொறுக்கிவிட்டுக் கிளம்புங்கள். மரத்தில் எதையும் கட்டித் தொங்கவிடக் கூடாது. ஹோமம் இங்கே நடக்காது. காலையில் கோயிலில் சடங்கை முடித்துவிட்டு மாலையில் பாலைவனத்துக்கு வருவது நன்றாக அமைகிறது. ட்ரோன் 2014 முதல் தேசியப் பூங்கா எதிலும் கிடையாது.

ஜோஷுவா மரங்களைப் பற்றிப் பேசும்போது சீமா டோமைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மொஹாவி தேசியப் பாதுகாப்பு வெளியில், உலகிலேயே மிக அடர்த்தியான ஜோஷுவா மரக்காடுகளில் ஒன்று அங்கே இருந்தது. கூட்டமே கிடையாது. எத்தனையோ ஜோடிகளை அங்கே நிற்க வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து பற்றிய தீயில் 43,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமான மரங்கள் போயின. இந்த மரம் வருடத்துக்கு ஓரிரண்டு அங்குலம்தான் வளரும், நம் ஆயுளில் அந்தக் காடு திரும்பாது. கல்யாணப் படத்துக்காக ஒரு மரத்தின் கிளையில் சாய்வதோ, நுண்ணுயிர்கள் மண்ணோடு பிணைந்து தரையில் கறுப்பாகப் படர்ந்திருக்கும் உயிர்ப்படலத்தை மிதிப்பதோ வேண்டாம் என்று நான் கறாராக இருப்பது அதனால்தான். மிதித்த படலம் தேற வருடக்கணக்காகும்.

இருவர் மட்டும் என்றால் டெத் வேலி. இதற்கு நிகராக நான் எதையும் பார்க்கவில்லை. ஸ்டவ்பைப் வெல்ஸ் ஊருக்குப் பக்கத்தில் மெஸ்கீட் மணல்மேடுகள் சாலையோரத்திலேயே இருக்கின்றன. அதுவே அதன் குறையும்கூட: பார்க்கிங்கிலிருந்து கால் மைல் தூரம் முழுக்கக் காலடித் தடம். மாலையில் போனால் அன்றைய பகல் முழுதும் வந்தவர்களின் தடத்தோடுதான் படம் வரும். காற்று இரவில் மணலைத் தடவிச் சரிசெய்திருந்தால் விடியலில் சுத்தமான வரிகள் கிடைக்கும். அதனால் நான் விடியலைத்தான் சொல்வேன். சூரியன் எழ ஒரு மணி நேரம் முன்பே நடக்கத் தொடங்க வேண்டும். எல்லோரும் போகும் பெரிய மேட்டை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் போனால், மேடுகளுக்கு நடுவே பழைய ஏரிக்களிமண் வெடித்துக் கிடக்கும் தரை வரும். மணலைவிட அந்த இடம் சடங்குக்கு நல்லது. கால் புதையாது, புடவை கொசுவம் நிற்கும்.

புடவையோடு மணலில் நடப்பது பழகினால் ஒன்றும் இல்லை. உள்ளே லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு கொசுவத்தை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு இறக்கிவிட்டால் போதும். முந்தானையைத் தோளில் ஒரு ஊக்கு, பின்னால் ரவிக்கையோடு ஒரு ஊக்கு என்று இரண்டு இடத்தில் குத்த வேண்டும். இல்லையென்றால் தாலி கட்டும் நொடியில் முந்தானை மாப்பிள்ளை முகத்தில் வந்து விழும். டிசம்பர், ஜனவரி விடியலில் விரல் விறைத்துப்போகும். மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனார் கூட இல்லாத கல்யாணம் இது. மூன்றையும் மாப்பிள்ளைதான் போட வேண்டும். சட்டைப் பையில் சூடு தரும் பொட்டலம் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கயிற்றை மஞ்சளில் நனைத்துக் கொண்டுவந்தால் வழுக்கும், காயவைத்துக் கொண்டுவாருங்கள்.

பேட்வாட்டர் உப்புத் தரை கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கிறது. பார்க்கிங்குக்கு எதிரே உப்பு மிதிபட்டுத் தட்டையாகக் கிடக்கும், அதைப் பார்த்து ஏமாந்துபோய்த் திரும்பிவிடாதீர்கள். அரை மைலுக்கு மேல் நடந்தால்தான் அறுகோணக் கோடுகள் தெளிவாகத் தெரியும். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் மிச்சம் ஒரே நாளில் 2 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டி, பூங்காவை அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிவைத்தார்கள். அதன் பிறகு பேட்வாட்டரில் ஏரி தேங்கியது, 2024 வசந்தம் வரை கண்ணாடிபோல் மலையைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த மாதங்களில் எடுத்த படங்களை நான் இன்னும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். தண்ணீர் உண்டென்றால் பட்டோடு இறங்க வேண்டாம், உப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். ஜாப்ரிஸ்கி பாயின்ட் விடியலில் அற்புதம், ஆனால் முக்காலிகளோடு ஒரு கூட்டமே நிற்கும். சடங்குக்கு உகந்ததில்லை, அரை மணி நேரப் படத்துக்குச் சரி.

கோடையில் டெத் வேலிக்கு யார் கேட்டாலும் வரமாட்டேன் என்றுதான் சொல்கிறேன். 1913 ஜூலை 10 அன்று 134 பாரன்ஹீட் பதிவான இடம் அது. உயிர் விஷயம்.

வேகஸிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இரண்டு பக்கம் உண்டு. வடகிழக்கே ஒரு மணி நேரத்தில் வேலி ஆஃப் ஃபயர். சிவந்த மணற்பாறை அலைஅலையாகப் போகும், குறிப்பாக ஃபயர் வேவ் என்கிற இடம். அரக்குச் சிவப்புக் காஞ்சிப் பட்டை அங்கே கட்டிக்கொண்டு நின்றால் பாறையோடு பாறையாக மறைந்துவிடுவீர்கள். மயில்நீலம், கரும்பச்சை, வெளிர்மஞ்சள் நன்றாக எடுபடும். ஒரே குறை, சூரியன் மறைந்ததும் பகல் வருகையாளர்கள் வெளியே போய்விட வேண்டும். மறைந்த பின் வரும் அந்த நீல வெளிச்சம் கிடைக்காது. கோடையில் சில நடைபாதைகளை வெயிலுக்காக மூடியும் விடுகிறார்கள். மேற்கே ரெட் ராக் கேன்யன். மாலைப் படத்துக்கு அங்கே போகாதீர்கள். மலைச்சுவர் மேற்கில் இருப்பதால் சூரியன் நேரத்தோடு அதன் பின்னால் போய்விடும். காலையில் அதே சுவர் முழுக்கச் சிவந்து எரியும். அக்டோபர் முதல் மே வரை பகலில் 13 மைல் சுற்றுச்சாலைக்கு நேரம் முன்பதிவு செய்ய வேண்டும்.

செலவைக் குறைக்க வேண்டும், கூட்டம் வேண்டாம், நடையும் வேண்டாம் என்றால் வறண்ட ஏரித் தரைகள். வேகஸுக்குத் தெற்கே ஜீன், போல்டர் சிட்டிக்குப் பக்கத்தில் எல்டொராடோ. வெடித்த களிமண், சுற்றிலும் மலை, அவ்வளவுதான். படத்தில் இரண்டு பேர் மட்டும் தெரிவார்கள். எனக்கு அது போதும். எல்டொராடோ போல்டர் சிட்டி நகராட்சிக்குச் சொந்தம், அனுமதி கேட்டு வாங்குங்கள். மழை பெய்த வாரத்தில் காரை உள்ளே விட்டால் இழுக்க வண்டி வர வேண்டியிருக்கும்.

பட்டின் நிறம் அப்படியே வர வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு மட்டும் நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸைச் சொல்கிறேன். தூரம் அதிகம், விமானம் பிடிக்க வேண்டும். ஜிப்சம் மணல் என்பதால் வெயிலிலும் வெறுங்காலோடு நிற்கலாம். தரையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் முகத்தில் நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் ஏவுகணைச் சோதனைத் தளம் இருப்பதால் சில நாள் சில மணி நேரம் பூங்காவை மூடுவார்கள். முன்கூட்டி அறிவிப்பு வரும், பார்த்துக்கொண்டு நாள் குறியுங்கள்.

பெர்மிட் விதியில் ஒரு மாற்றம். 2025 ஜனவரியில் வந்த சட்டப்படி, ஆறு பேருக்குக் குறைவான குழு தேசியப் பூங்காவில் பொதுமக்கள் போகும் இடத்தில் படம் எடுக்கத் தனி அனுமதி தேவையில்லை. நிச்சயதார்த்தப் படங்களுக்கு இது பெரிய நிம்மதி. இதைச் சொல்லிவிட்டுக் கல்யாணச் சடங்குக்கும் பெர்மிட் வேண்டாம் என்று சிலர் பேசுகிறார்கள். சடங்கு என்றால் அந்தப் பெர்மிட் முன்பு போலவே வேண்டும், ரேஞ்சர் வந்து கேட்டால் கையில் இருக்க வேண்டும்.

மாதம் என்று பார்த்தால் அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் பாதி வரை என் முதல் தேர்வு. காற்று குறைவு, சூரியன் நாள் முழுக்கத் தாழ்வாகவே நகரும். டிசம்பரில் நான்கரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், மதியச் சாப்பாட்டை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் பூ பார்க்கலாம், ஆனால் காற்று அடிக்கும். மணல் பறக்கும் நேரத்தில் நான் லென்ஸ் மாற்றுவதே இல்லை, இரண்டு கேமராவில் இரண்டு லென்ஸ் மாட்டியே எடுத்துப் போகிறேன். வசந்தத்தில் கல்யாணம் வைக்கிறவர்களுக்கு டெத் வேலி பகுதியிலேயே இரண்டு இரவு தங்குங்கள் என்கிறேன். முதல் விடியலில் மணல்மேட்டில் காற்று பலமாக இருந்தால் அன்றைக்கு ஆர்டிஸ்ட்ஸ் பேலட் பக்கம் மலை மறைவில் ஒதுங்கிப் படம் எடுத்துக்கொள்ளலாம், தாலி கட்டுவதை மறுநாள் விடியலுக்குத் தள்ளிவைக்கலாம். பெர்மிட் விண்ணப்பத்தில் இரண்டு தேதியையும் முதலிலேயே கேட்டுப் பாருங்கள்.