தாத்தா, வாத்தியார் படங்களைப் புதுப்பித்துத் தரும் ஸ்டூடியோ வேலை: தேறுமா?

நம்மை ஆளாக்கியவர்களின் பழைய படத்தைத் துலக்கி, பெரிதாக்கி, சட்டம் போட்டுத் தரும் வேலை இப்போது பல ஊர் ஸ்டூடியோக்களில் நடக்கிறது. சட்ட வேலையில் பெரிதாகக் குறையில்லை. கோட்டை விடுவது முகத்தில்தான்.

படத்தைச் செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் விவரம் சுருங்கிவிடும். விட்டுப்போனதை ஏஐ மென்பொருள் தன் இஷ்டத்துக்கு நிரப்பும். கண் பளிச்சென்று வரும், ஆனால் அது வாத்தியாரின் கண்ணாக இருக்காது. அம்மைத் தழும்பும் நெற்றிச் சுருக்கமும் காணாமல் போயிருக்கும்.

மூலப் படத்தையே கொண்டுபோங்கள். 2 அங்குல உயரப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் உயரத்தில் 1,200 புள்ளிதான்; 8 அங்குலமாக்கினால் அங்குலத்துக்கு 150 மிஞ்சும், முகம் மங்கும். சின்னப் படத்துக்கு 1,200 டிபிஐ கேளுங்கள். கீறலையும் கறையையும் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் ஏற்றுவது வீண் செலவு. அச்சுக்கு முன் மாதிரியை, முகம் தெரிந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. ஈரக்காற்றில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது மேற்பூச்சு உரியும். நடுவே மவுண்ட் அட்டை (படம் தெரியும்படி உள்ளே வெட்டிய தடித்த அட்டை) வைக்கச் சொல்லுங்கள். மூலப் படத்தை லேமினேஷன் செய்ய மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.