பழைய டிக் மெஷின்: டிரான்ஸ்ஃபார்மரா, டிசி இன்வெர்ட்டரா?

பெங்களூரில் பழைய எஸ்டி பைக்கையோ பத்மினி காரையோ புதுப்பிக்க இறங்குகிறவர் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் ஊசிமுனையில் ஆர்க் பற்றவைத்து, ஆர்கான் வாயு மூடலில் உலோகத்தை உருக்கி ஒட்டுவது) கற்கப் பழைய மெஷின் தேடினால், பெரும்பாலும் இரண்டு வகை எதிர்ப்படும். ஒன்று, பீன்யா பட்டறைகள் கழித்துவிடும் டிரான்ஸ்ஃபார்மர் ஏசி/டிசி மெஷின். நூறு கிலோவுக்குக் குறையாது, நகர்த்த நாலு பேர் வேண்டும். இன்னொன்று, தோளில் மாட்டித் தூக்கிக்கொண்டு போகக்கூடிய 200 ஆம்பியர் டிசி இன்வெர்ட்டர், அதாவது எலக்ட்ரானிக் போர்டில் ஓடும் வெல்டிங் மெஷின். டிரான்ஸ்ஃபார்மரில் அலுமினியமும் ஒட்டலாம், இன்வெர்ட்டரில் முடியாது. அப்படியிருந்தும் வண்டி வேலைக்குக் கற்பவருக்கு நான் சொல்வது இன்வெர்ட்டரைத்தான்.

எடை, இடம் பற்றி விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது. 60 ஆம்பியரில் ஒட்டும்போது ஆர்க் வோல்டேஜ் சுமார் 12. அதாவது வேலைக்குப் போவது சுமார் 720 வாட்தான். இன்வெர்ட்டர் இதற்கு வீட்டு லைனிலிருந்து ஆறேழு ஆம்பியர் இழுக்கும், சாதாரண 16 ஆம்பியர் பிளக் போதும். பழைய டிரான்ஸ்ஃபார்மரின் திறந்த வோல்டேஜ் (ஆர்க் பற்றாதபோது இருப்பது) 80 என்று வைத்துக்கொண்டால், அதே 60 ஆம்பியருக்கு 230 வோல்ட் லைனில் 21 ஆம்பியர் இழுக்கும். பவர் ஃபேக்டர் கெபாசிட்டர் இருந்தால் கொஞ்சம் குறையும். பல மெஷின்கள் 415 வோல்ட் இல்லாமல் ஓடவே ஓடாது. வாடகை வீட்டு கராஜில் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆனால் தீர்மானிக்க வேண்டிய விஷயம் மின்சாரமும் இல்லை, அலுமினியமும் இல்லை. மெஷின் கீழ் ஆம்பியரில் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான். விற்பவர் "முந்நூறு ஆம்பியர் சார்" என்று மேல் எண்ணைத்தான் சொல்வார். வண்டி வேலை நடப்பது கீழ் எண்ணில்.

இரும்புத் தகட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு 40 ஆம்பியர் என்பது தோராயக் கணக்கு. பெட்ரோல் டேங்க், மட்கார்ட், கதவின் கீழ்விளிம்பு எல்லாம் 0.8 முதல் 1 மி.மீ. வரைதான், அதாவது 30 முதல் 40 ஆம்பியர். அதுவும் புதுத் தகட்டுக்கு. துரு தின்ற இடத்தில் மேலே வழவழப்பாகத் தெரிந்தாலும் உள்ளே 0.5 மி.மீ. மட்டும் மிஞ்சியிருக்கும். அங்கே ஆர்க் பற்றும்போது 15 ஆம்பியர் இருக்க வேண்டும், முடிக்கும்போது மெல்ல இறங்க வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர்களில் குறைந்த அளவே 15, 20 ஆம்பியரில் ஆரம்பிக்கும். அந்த இடத்தில் ஆர்க் அலையும், டங்ஸ்டன் நுனியிலிருந்து பக்கவாட்டில் ஏறும். பற்றும் கணத்தில் ஒரு எகிறல் வேறு, தகட்டில் ஓட்டை விழுந்துவிடும். கற்றுக்கொள்கிறவர் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தவிப்பார். கோளாறு கையில் இல்லை.

இன்வெர்ட்டர் எல்லாமே நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. டயலில் 10 என்று காட்டிக்கொண்டு, ஆர்க் நிச்சயம் பற்ற வேண்டும் என்பதற்காக முதல் நொடியில் 25, 30 தள்ளும் மெஷின்களும் உண்டு. ஆகவே விற்பவர் இடத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. 0.8 மி.மீ. சிஆர் (கோல்ட் ரோல்டு) இரும்புத் தகடு ஒரு சாண், 1.6 மி.மீ. சாம்பல் நிற டங்ஸ்டன் ஒன்று எடுத்துப் போங்கள். நுனியை 4 மி.மீ. நீளத்துக்குக் கூராக, நெடுக்குவாக்கில் தீட்டியிருக்க வேண்டும். டார்ச் முனையில் வாயு வரும் 6ஆம் எண் கப், ஆர்கான் நிமிஷத்துக்கு 7 லிட்டர், 15 ஆம்பியர். தகட்டிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பத்து முறை பட்டனை அழுத்துங்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு நொடி. பத்து முறையும் உடனே பற்றி, ஓட்டை விழாமல் சின்னப் புள்ளி மட்டும் விழுந்தால் மெஷின் தேறியது. மூன்று முறைக்கு மேல் தவறினால் ஹெச்எஃப் (தகட்டைத் தொடாமலே ஆர்க்கைப் பற்றவைக்கும் உயர் அதிர்வெண் பொறி) பலவீனம்.

பிறகு 6 மி.மீ. தடிமனான இரும்பில் 100 ஆம்பியரில் ஐந்து நிமிஷம் ஓட்டிச் சூடேற்றுங்கள். சூடு ஆறுவதற்குள், அதே டங்ஸ்டனை மறுபடி தீட்டி, அந்தப் பத்து அழுத்தலைத் திரும்பச் செய்யுங்கள். குளிர்ந்திருக்கும்போது நன்றாக நடந்து, சூடானதும் கீழ் ஆம்பியரில் தடுமாறும் போர்டுகள் இந்தச் சோதனையில்தான் மாட்டும்.

"டிக் போடலாம்" என்று விற்கப்படும் ஸ்டிக் (சாதாரண வெல்டிங் ராடு) மெஷினில் உரசித்தான் ஆர்க் பற்றவைக்க வேண்டும், முடிவில் ஆம்பியரை இறக்கவும் வழியில்லை. மெல்லிய தகட்டுக்கு ஆகாது. ஆம்பியரைக் காலால் ஏற்றி இறக்கும் பெடல் போட சாக்கெட் இருக்கிறதா என்றும் பாருங்கள். பொருந்தாத பெடலை மாட்டினால் பாதி மிதித்ததுமே முழு ஆம்பியர் வந்துவிடும்.

பழுது பார்ப்பதில் டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் வெற்றி, இதை மறைக்க வேண்டியதில்லை. டயோடு, கான்டாக்டர், ஹெச்எஃப் பாயின்ட் இடைவெளி, இவ்வளவுதான். காயில் வைண்டிங் தெரிந்தவர் யாரும் எழுப்பிவிடுவார். இன்வெர்ட்டரில் ஐஜிபிடி (கரன்ட்டை வேகமாகத் திறந்து மூடும் பவர் டிரான்சிஸ்டர்) போனால் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பாகம் கிடைக்கலாம், ஆனால் அது போகக் காரணமான டிரைவர் சர்க்யூட்டைச் சரிசெய்யாமல் மாட்டினால் புதுசும் அடுத்த நிமிஷம் வெடிக்கும். இந்த ஊரிலேயே சர்வீஸ் உள்ள பிராண்டாக வாங்குவது அதனால்தான். இன்வெர்ட்டரைக் கொல்வது பெரும்பாலும் கிரைண்டர் தூள். ஃபேன் அதை உள்ளே இழுத்து போர்டில் படியவைக்கும், இரும்புத் தூள் மின்சாரம் கடத்தும். மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். கறுப்புப் படிவு, உப்பிய கெபாசிட்டர், திரும்பப் பற்றவைத்த ஈயத் தடம் ஏதாவது தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டாம், வந்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், உள்ளே விரல் போகக் கூடாது. வாங்கிய பின் மாதம் ஒருமுறை உலர்ந்த காற்றை மெதுவாக ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

சரி, எஸ்டியின் கிராங்க்கேஸ் அலுமினியமாயிற்றே என்பீர்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், மேலே உள்ள ஆக்சைடு தோல் 2000 டிகிரி தாண்டியும் உருகாது. அதை உடைக்கத்தான் ஏசி. ஆனால் நாற்பது வருஷம் எண்ணெய் குடித்த வார்ப்பு, கற்றுக்கொள்கிறவர் தொட வேண்டிய பொருளே இல்லை. சூடேற ஏற எண்ணெய் கசிந்து, ஒட்டு முழுக்கத் துளைத்துளையாகும். ஒரு வண்டியில் இந்த வேலை ஒன்றிரண்டு முறைதான் வரும், பீன்யாவில் வார்ப்பு ஒட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் கொடுங்கள். இரண்டும் செய்யும் பழைய ஏசி/டிசி இன்வெர்ட்டர்களில் இன்னொரு ஐஜிபிடி அடுக்கு கூடுதல், பழுதாக இன்னொரு இடம் என்று அர்த்தம். எத்தனை வருஷம் தாங்கும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், செகண்ட்ஹேண்டில் துணிந்து சொல்ல மாட்டேன்.

ஆர்கான் செலவு இரண்டுக்கும் ஒன்றே. 7 கன மீட்டர் சிலிண்டர், நிமிஷத்துக்கு 7 லிட்டர் என்றால் ஆர்க் நேரம் மட்டும் பதினாறரை மணிக்குச் சற்று மேல். டார்ச் குழாயில் கசிந்தால் அது பாதியாகும், சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். சிலிண்டர் கழுத்தில் ஹைட்ரோ டெஸ்ட் முத்திரை ஐந்து வருஷத்துக்குள் இருக்க வேண்டும்.

மெஷின் வந்ததும் நேரே வண்டியில் கைவைக்காதீர்கள். முதலில் 2 மி.மீ. தகட்டில் ஃபில்லர் (உருக்கிச் சேர்க்கும் கம்பி) இல்லாமல் 70 ஆம்பியரில் நேர்கோடு, பிறகு 1.6 மி.மீ. ஈஆர்70எஸ்-2 என்ற இரும்பு ஃபில்லர் கம்பியோடு, பிறகுதான் 1 மி.மீ. தகடு. அதற்கு 0.8 மி.மீ. மிக் கம்பியை (கம்பி தானாக ஊட்டப்படும் மிக் வெல்டிங்குக்கானது) நறுக்கி ஃபில்லராக வைத்தால், உருகிய உலோகக் குட்டை குளிராது. இரண்டு பக்கமும் ஒரு அங்குலத்துக்குப் பெயின்டும் துருவும் போய் வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். அசிடோன் போட்டுத் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வேண்டாம், ஆர்க் வெளிச்சம் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். 20 மி.மீ.க்கு ஒரு டேக் (தற்காலிகப் புள்ளி ஒட்டு), இங்கொன்று அங்கொன்றாக. டிக் ஒட்டு மிக் ஒட்டைவிட மென்மை, சுத்தியால் தட்டி நெளிவை எடுக்கலாம்.

பித்தளை வைத்து முன்பே ஒட்டிய சேஸிஸ் இணைப்பின் மேல் டிக் போடக் கூடாது. உருகிய செம்பு இரும்பின் மணிகளுக்கிடையே நுழைந்து விரிசல் விடும். பித்தளை வைத்தே திரும்ப ஒட்டுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்கு ஒரு சாண் பக்கத்தில், சுரண்டிய இரும்பில் பிடியுங்கள். ஹப்பிலோ இன்ஜினிலோ பிடித்தால் கரன்ட் பேரிங் வழியே போய்க் குண்டுகளில் புள்ளி விழும்.