சிங்க் அடியில் வைக்கும் கிரீஸ் டிராப்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தட்டு கழுவிய தண்ணீர் சூடாக இறங்கும்போது அதிலுள்ள கொழுப்பும் உருகிய நிலையிலேயே குழாய்க்குள் போய்விடுகிறது. கொஞ்ச தூரம் போய் ஆறியதும் குழாய்ச் சுவரில் படிகிறது. கழிவுநீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்தால் சோப்புக்கட்டி போல இறுகிவிடும். 2017இல் லண்டன் வைட்சேப்பலில் பாதாளச் சாக்கடையை அடைத்துக்கொண்டு கிடந்த கொழுப்புக்கட்டி 250 மீட்டர் நீளம், சுமார் 130 டன் எடை. அடைப்பு வந்தால் கழிவுநீர் தெருவுக்கு ஏறும், அங்கிருந்து மழைநீர் வடிகால் வழியாக ஆற்றுக்குப் போகும். இதைத் தொடங்குகிற இடத்திலேயே மறிப்பதற்குத்தான் கிரீஸ் டிராப் என்ற இந்தக் கொழுப்புப் பிடிக்கும் பெட்டி. சிறிய உணவகம், பேக்கரி, கேன்டீன் எதுவானாலும் அவசியம் வைக்கச் சொல்வோம்.

உள்ளே மோட்டாரோ ரசாயனமோ கிடையாது. முதல் அறையில் உள்ள கூடை சோறு, எலும்பு, காய்த்தோலைப் பிடிக்கும். நடு அறையில் தண்ணீரின் வேகம் குறைய, எண்ணெய் மேலே மிதக்கும், மண்டி அடியில் தங்கும். கடைசித் தடுப்பு அடியில் மட்டும் திறந்திருப்பதால் நடுவிலுள்ள தெளிந்த தண்ணீர்தான் வெளியேறும். எல்லாமே தண்ணீர் நிதானமாக நகர்வதை நம்பித்தான் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது அளவில். சிங்க் அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்து வாங்கிவிடுகிறார்கள். சிங்க்கைத்தான் அளக்க வேண்டும். 60 செ.மீ. நீளம், 45 அகலம், 30 ஆழம் என்றால் 81 லிட்டர். முக்கால் பங்கு நிரப்புவோம் என்று வைத்தால் சுமார் 60 லிட்டர். அது ஒரு நிமிடத்தில் வடியும் என்றால் நிமிடத்துக்கு 60 லிட்டர் தாங்கும் பெட்டி வேண்டும். சிங்க்கில் இரண்டு தொட்டி இருந்து, இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிடும் வழக்கம் இருந்தால் இரட்டிப்பு. கூடவே, நுழைவுக் குழாயில் பொருத்தும் துளைத் தகடு (ஃப்ளோ கண்ட்ரோல்) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பெட்டியில் தண்ணீர் பாய்ந்து வந்து, பிடித்து வைத்த எண்ணெயையும் கலக்கி இழுத்துக்கொண்டு போகும். தகடு இல்லாத மாடலை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பொருளைப் பொறுத்தவரை, தடித்த பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டையும் இடியையும் நன்றாகத் தாங்கும். சாதாரண இரும்பில் பெயின்ட் அடித்தது வேண்டாம். உள்ளே உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதை அரித்துவிடும். தடுப்புகள் கையால் கழற்ற வருகிறதா, மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே திறந்து பாருங்கள்.

இனி சுத்தம் செய்வது. மேலே மிதக்கும் கொழுப்பும் அடி மண்டியும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் கால் பங்கு ஆனதுமே எடுத்துவிட வேண்டும், அதாவது 40 செ.மீ. ஆழத்துக்கு 10 செ.மீ. மேல்படலத்தை அளக்க, தெளிவான பிளாஸ்டிக் குழாயை நேராக இறக்கி, மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினால் மஞ்சள் படலத்தின் தடிமன் கண்ணுக்குத் தெரியும். அடிமண்டிக்கு ஒரு குச்சி போதும்.

தண்ணீர் நன்றாக ஆறிய பிறகு, காலையில் சிங்க்கைத் திறக்குமுன் செய்யுங்கள். படலத்தை அகப்பையால் வழித்து, மண்டியை வாரி, சுவரைச் சுரண்டி எல்லாவற்றையும் மூடியுள்ள வாளியில் போடுங்கள். மரத்தூள் கலந்தால் ஒழுகாது. தடுப்புகளை அதே இடத்தில் மாட்டி, பெட்டியைச் சுத்தமான தண்ணீரால் நிரப்பிய பிறகே மூட வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்தால் பெட்டி நிரம்பும் வரை வருகிற எண்ணெய் தடுப்புக்கு அடியில் நேராக வெளியே போய்விடும்.

கொழுப்பைக் கரைக்கும் திரவம் ஊற்றினால் சுத்தம் செய்ய வேண்டாம் என்று சொல்லி விற்பார்கள். கரைந்தது மறைவதில்லை, உங்கள் குழாயைத் தாண்டி ஊர்க்குழாயில் மறுபடி இறுகும். கொதிநீர் ஊற்றுவதும் அப்படியே. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாயையும் இதில் இணைக்காதீர்கள், அதன் சூடும் சோப்பும் பிரிந்த எண்ணெயைத் திரும்பக் கலக்கிவிடும்.

பொரித்த எண்ணெய் இந்தப் பெட்டிக்கு வரவே கூடாது. அதை ஆறவைத்துத் தனி கேனில் சேர்த்து, பயோடீசல் தயாரிக்க எடுப்பவர்களிடம் கொடுங்கள். தட்டுகளையும் நனைக்குமுன் காகிதத்தாலோ ரப்பர் வழிப்பானாலோ வழித்துவிடுங்கள், பெட்டி நிரம்புவதற்கு அதிக நாள் ஆகும்.