ரெமிங்டன் மாடல் 8: குழலே பின்னால் ஓடும் வேட்டைத் துப்பாக்கி

இந்தத் துப்பாக்கியை முதன்முதலில் பார்ப்பவருக்குக் குழல்தான் உறுத்தும். வேட்டைக்கான ரைஃபிளுக்கு இவ்வளவு தடித்த குழலா? வெளியே தெரிவது குழலே அல்ல, அதன் உறை. நிஜக் குழல் அதற்குள் ஒல்லியாக ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது பின்னால் போய்த் திரும்புகிறது. மாடல் 8-இன் பெருமைக்கும் தொல்லைக்கும் இந்த ஓட்டம்தான் காரணம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலம், ஆக்டன் ஊரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரவுனிங்கின் வடிவமைப்பு இது. காப்புரிமை கிடைத்தது 1900 அக்டோபர் 16-இல். நியூயார்க் மாநிலத்தின் இலியான் ஆலையில் செய்து, 1906-இல் 'ஆட்டோலோடிங் ரைஃபிள்' என்ற பெயரில் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்கு விட்டது. மாடல் 8 என்ற பெயர் 1911-இல்தான் ஒட்டிக்கொண்டது.

போட்டி நிறுவனமான வின்செஸ்டர் ஓராண்டு முந்திக்கொண்டு, 1905-இலேயே தானியங்கி வேட்டைத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. ஆனால் அது 'புளோபேக்' வகை. அதில் போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புத் துண்டை, பூட்ட எதுவும் கிடையாது. அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான் தோட்டாவைப் பிடித்து வைக்கின்றன. தோட்டாவின் பலம் கூடினால் இரும்பையும் கூட்டியாக வேண்டும். பின்னால் வந்த 1907, 1910 மாடல்களின் முன்கட்டைக்குள் (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) பெரிய எடைக்கட்டி இருப்பது அதனால்தான். பிரவுனிங் அந்த வழிக்கே போகவில்லை. போல்ட்டின் தலையைத் திருகிக் குழலோடு பூட்டினார்.

சுட்டவுடன் நடப்பது இதுதான். குழலும் போல்ட்டும் பூட்டியபடியே சேர்ந்து கடைசிவரை பின்னால் போகின்றன. அங்கே போல்ட்டின் தலை திரும்பிப் பூட்டு அவிழ்கிறது. போல்ட் பின்னாலேயே நின்றுவிட, குழல் மட்டும் முன்னால் பாய்கிறது. காலித் தோட்டாவை யாரும் இழுப்பதில்லை, குழல்தான் அதைவிட்டு விலகிப் போகிறது. தோட்டா வெளியே தெறிக்கிறது. குழல் தன் இடத்தை அடைந்த பிறகே போல்ட் விடுபட்டு, அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூட்டுகிறது. தோளில் ஒரே உதையாக இல்லாமல், உதையும் அதைத் தொடர்ந்து ஒரு குலுக்கலுமாகத் தெரிவது இதனால்தான். சிலருக்கு இது கடைசிவரை பழகுவதில்லை.

மேகசினில் 5 தோட்டா, கழற்ற முடியாது. மேலிருந்துதான் நிரப்ப வேண்டும். கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் திறந்தே நிற்கும். வலப்பக்கத்தில் நீளமான பாதுகாப்பு நெம்புகோல். மேலே தூக்கினால் போல்ட் கைப்பிடி ஓடும் பிளவையே மூடிவிடும். ஏகே-47-இன் நெம்புகோலைப் பார்த்தவர்களுக்கு இது எங்கோ பார்த்த முகம்.

தோட்டா .25, .30, .32, .35 ரெமிங்டன் என நான்கு வகை. .30 ரெமிங்டன், புகழ்பெற்ற .30-30 வேட்டைத் தோட்டாவுக்குப் பலத்தில் இரட்டைப் பிறவி. இன்று சுடுவதற்காக வாங்குகிறவர் .35-ஐ விட்டு வேறு எதையும் பார்க்க வேண்டாம். மற்ற மூன்றும் வழக்கொழிந்தவை. தோட்டா தேடியே அலுத்துப்போகும்.

பழையதை வாங்கும்போது எல்லாரும் மரத்தின் பளபளப்பைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது உறையை. அதில் சின்ன நெளிவு இருந்தாலும் உள்ளே குழல் உரசும், ஓட்டம் தடைபடும். தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, போல்ட் மூடிய நிலையில் குழல்முனையை ஒரு மரக்கட்டையில் ஊன்றி அழுத்துங்கள். குழல் சீராக உள்ளே போய், கையை இளக்கியதும் தானே முழுவதும் திரும்ப வேண்டும். பிசுக்குப் பிடித்ததுபோல் மெதுவாக வந்தால், உள்ளே பழைய எண்ணெய் இறுகிக் கிடக்கலாம். சுத்தம் செய்தால் சரியாகிவிடும். சுத்தம் செய்த பிறகும் சோர்ந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, குறிபார்க்கும் பாகங்கள் உறைமேல்தான் இருக்கின்றன, குழல்மேல் இல்லை. உறையின் முனையில் குழலைத் தாங்கும் வளையம் தேய்ந்து குழல் ஆடினால், கண் ஒரு பக்கமும் குண்டு ஒரு பக்கமுமாகப் போகும். முன்கட்டை மெலிந்தது, விரிசல் விடக்கூடியது. கழற்றிப் பார்த்தே வாங்குங்கள். தொலைநோக்கி பொருத்த ரிசீவரில் (போல்ட் ஓடும் நடு உடல்) துளை போட்டிருந்தால் சேகரிப்பாளர் மதிப்பு இறங்கிவிடும்.

இரண்டாகப் பிரித்து எடுத்துச் செல்லலாம் என்பது உண்மையான வசதி. போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு, முன்கட்டையின் திருகைக் கழற்றி, அதன் அடியிலுள்ள நெம்புகோல் திருகைச் சுழற்றினால் குழல் பகுதி தனியே வந்துவிடும். போல்ட் மூடியிருந்தால் அது குழலோடு பூட்டிக் கிடக்கும், அப்போது வலுக்கட்டாயமாக இழுக்கக் கூடாது.

1936-இல் மாடல் 81 'உட்ஸ்மாஸ்டர்' இதன் இடத்தைப் பிடித்து 1950 வரை ஓடியது. உள்ளே அதே இயந்திரம், வெளியே தடித்த முன்கட்டை, பாதிப் பிஸ்டல் பிடி, பிறகு .300 சாவேஜ் தோட்டாவும் சேர்ந்தது. கையில் உட்காருவது 81. அழகு என்னவோ 8-இல்தான். இதே வடிவமைப்பில் பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் செய்த 1900 மாடல் ஐயாயிரத்துக்கும் குறைவு, .35-இல் மட்டும் வந்தது. கிடைத்தால் சுடுவதற்கு முன் யோசியுங்கள்.

எடை சுமார் 3.6 கிலோ. எது வாங்கினாலும் குழல் ஸ்பிரிங்கின் நிலை தெரியும்வரை சுட வேண்டாம். தளர்ந்த ஸ்பிரிங்கோடு சுட்டால் உதையின் மிச்சம் முழுவதையும் ரிசீவர்தான் வாங்கிக்கொள்ளும்.